‘ஹியூமன்’ மறுபதிப்பில் புதிதாகக் கேட்கும் அந்த பேஸ் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க டெத் மெட்டல் குழுவான ‘டெத்’ 1991இல் வெளியிட்ட ‘ஹியூமன்’ ஆல்பத்தைப் பழைய சிடியில் பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஒருவர், 2011இல் ரிலாப்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட மறுபதிப்பைக் கேட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ரீமாஸ்டர் செய்தால் ஒலி கொஞ்சம் துலங்கும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, முன்பு ஏறக்குறைய இல்லாமலே இருந்த பேஸ் கிட்டார் இதில் மட்டும் எப்படி முழு உருவத்தோடு வந்து நிற்கிறது? அப்படியானால் இவ்விரண்டில் எதை அசல் ‘ஹியூமன்’ என்று கொள்வது? இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்கான பதிலில் இருந்தே பிறக்கிறது என்பதால், முதலில் ஒலி நுட்பத்தைப் பேசிவிட்டு அதன்பின் ரசனைக்கு வருகிறேன்.

அந்த பேஸ் புதிதாக வாசிக்கப்பட்டது அன்று. 1991இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலுள்ள மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் ஸ்டீவ் டிஜார்ஜியோ வாசித்து அன்றே பதிவானதுதான் அது. ஆனால் நீங்கள் கேட்ட 2011 பதிப்பை வெறும் ரீமாஸ்டர் என்று சொல்வது தவறு. மோரிசவுண்டை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான ஜிம் மோரிஸ், மூலப் பதிவின் தனித்தனித் தடங்களுக்கே திரும்பிச் சென்று ஆல்பம் முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார். விற்பனை விளம்பரங்களிலும் இணையக் கடைகளின் குறிப்புகளிலும் ரீமிக்ஸ், ரீமாஸ்டர் என்ற இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே புழங்குவதால் வந்த குழப்பம் இது. ‘ஹியூமன்’ விஷயத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் அன்று. மறுபதிப்பின் நிறைகளும் குறைகளும் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்யும்போது கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்), சிம்பல்கள், பேஸ், இடப்புறக் கிட்டார், வலப்புறக் கிட்டார், குரல் என ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். இவற்றின் அளவுகளை ஒன்றோடொன்று பொருத்தி, எதை இடத்தில் வைப்பது, எதை வலத்தில் வைப்பது, எதற்கு எவ்வளவு எதிரொலி சேர்ப்பது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் இடம், வலம் என்ற இரண்டே தடங்களாக இறக்குவது மிக்ஸிங். அப்படி இறக்கிய இரண்டு தடங்களை எடுத்துக்கொண்டு, மொத்த ஒலியின் கனத்தையும் கூர்மையையும் உரப்பையும் சரிசெய்து, சிடிக்கோ இசைத்தட்டுக்கோ ஏற்றவாறு ஆக்குவது மாஸ்டரிங். கொதித்து இறக்கிய சாம்பாரில் உப்பைக் கூட்டலாம், தண்ணீர் விட்டு இளக்கலாம், புளியை மட்டும் தனியே எடுக்க முடியாது. ரீமாஸ்டர் செய்பவரின் நிலையும் அதுதான். பேஸ் கேட்கவில்லையே என்று கீழ்ச்சுருதிப் பகுதியை உயர்த்தினால் கிக் டிரம்மும் கிட்டாரின் அடிப்பகுதியும் சேர்ந்தே உயரும். மொத்தமும் கும்மென்று வீங்குமே தவிர, புதைந்த பேஸ் மேலே வராது. எனவே ஒரு மறுபதிப்பில் ஏதாவது ஒரு வாத்தியம் மட்டும் பளிச்சென்று எழுந்து வந்தால், அங்கே மிக்ஸே மாறியிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இனி, அந்த பேஸ் 1991இல் ஏன் புதைந்தது என்பதற்கு வருகிறேன். இந்த ஆல்பத்தைச் சுற்றி எழுதப்படும் பலவற்றில் இது வெறும் அலட்சியம்போலவோ, யாரோ ஒருவர் செய்த பிழைபோலவோ சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை விளங்கிக்கொள்ள, அந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள் யார், அவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சக் ஷுல்டினர் நடத்திய ‘டெத்’ குழு, 1987இல் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’, 1988இல் ‘லெப்ரசி’, 1990இல் ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ என மூன்று ஆல்பங்களை வெளியிட்டு, டெத் மெட்டல் என்னும் இசைவகை உருவாவதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. 1990இன் இறுதியில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு வர ஷுல்டினர் மறுத்தபோது, டிரம்மர் பில் ஆண்ட்ரூஸும் பேஸ் வாசித்த டெரி பட்லரும் அவர் இல்லாமலேயே, குழுவின் உதவியாளர்களைப் பாட வைத்து, அந்தச் சுற்றுப்பயணத்தை நடத்தி முடித்தார்கள். அதன்பின் அவர்களோடு சேர்ந்து வாசிக்க ஷுல்டினர் விரும்பவில்லை. நிரந்தரக் குழு என்ற எண்ணத்தையே கைவிட்டு, ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தனக்கு வேண்டிய கலைஞர்களை அழைத்து வாசிக்க வைக்கும் முறைக்கு அவர் மாறினார். அந்த முறையின் முதல் விளைவு ‘ஹியூமன்’.

அவர் அழைத்தது மயாமியின் ‘சினிக்’ குழுவைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் பால் மாஸ்விடலையும் டிரம்மர் ஷான் ரைனர்ட்டையும், கலிபோர்னியாவின் ‘சேடஸ்’ குழுவில் பேஸ் வாசித்துவந்த டிஜார்ஜியோவையும். மாஸ்விடலும் ரைனர்ட்டும் 1971இல் பிறந்தவர்கள். ஆல்பம் வெளிவந்தபோது இருவருக்கும் 20 வயது. அந்த வயதிலேயே கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் போன்றவர்களின் ஜாஸ் ஃப்யூஷன் இசையில் ஊறியிருந்தார்கள். அதுவரை டெத் மெட்டல் டிரம்ஸ் என்றால் வேகமும் வலுவும்தான். ரைனர்ட் அந்த வேகத்தை விட்டுக்கொடுக்காமலேயே, சிம்பல்களில் நுணுக்கமான உள்கணக்குகளை ஓடவிட்டு, எதிர்பாராத இடத்தில் அழுத்தம் வைத்து, கிட்டார் சொல்லும் தாளத்துக்கு எதிர்த்தாளம் போட்டு வாசித்தார். சுமார் 34 நிமிடம் ஓடும் இந்த எட்டு உருப்படிகளுக்குப் பின் வந்த டிரம்மர்களில் எத்தனை பேர் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று பட்டியலிட்டால் அதற்கு முடிவே இராது. அவர் 2020 ஜனவரியில் 48 வயதில் காலமானபோது, வெவ்வேறு மெட்டல் வகைகளைச் சேர்ந்த டிரம்மர்கள் அஞ்சலி செலுத்தியதில் வியப்பில்லை.

டிஜார்ஜியோவின் வாசிப்பும் அதே அளவு புதிது. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களால் வாசிப்பவர் அவர். கிட்டார் போகும் பாதையிலேயே ஓர் எட்டுச் சுரம் கீழே நின்று நிழலாகத் தொடர்வது அவருடைய வழக்கம் அன்று. கிட்டார் நிற்கும் இடத்தில் ஓடுவார், அது ஓடும் இடத்தில் நின்று டிரம்ஸோடு பேசுவார். இப்படி வாசித்த ஒருவரின் பங்கு, வெளியான ஆல்பத்தில் பெரும்பாலான இடங்களில் வெறும் ஒரு கனமாக மட்டுமே உணரப்படுகிறது என்பதுதான் ரசிகர்களின் நீண்டகால மனக்குறை.

தயாரிப்பில் ஷுல்டினரோடு கைகோத்தவர் ஸ்காட் பர்ன்ஸ். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் மோரிசவுண்டில் அவர் கை படாத டெத் மெட்டல் ஆல்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘ஒபிச்சுவரி’, ‘டீஸைட்’, ‘கேனிபல் கார்ப்ஸ்’, பிரேசிலின் ‘செபுல்டுரா’ என்று பல குழுக்களுக்கு அவர் பணியாற்றினார். (பின்னாளில் இசைத்துறையை விட்டுக் கணினி நிரலாளராகிவிட்டார் என்பது அவரைப் பற்றி நான் அறிந்தவற்றில் மிகச் சுவையான தகவல்.) அவர் எதிர்கொண்ட சிக்கல் புதிது. அதுவரையிலான ராக் இசைப்பதிவு முறைகள், இவ்வளவு தாழ்ந்த சுருதியில், இவ்வளவு வேகத்தில், இரட்டைக் கிக் டிரம் இடைவிடாமல் ஒலிக்கும் ஓர் இசைக்காக உருவானவை அல்ல.

எண்களில் சொன்னால் இது எளிதில் விளங்கும். ‘டெத்’ குழு தன் கிட்டார்களை வழக்கமான சுருதியிலிருந்து ஒரு முழு படி இறக்கி வைத்திருந்தது. அதனால் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி சுமார் 73 ஹெர்ட்ஸில் அதிரும்; பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதில் பாதியான சுமார் 37 ஹெர்ட்ஸில் அதிரும். வீட்டு ஒலிபெருக்கிகள் பெரும்பாலானவற்றில் 37 ஹெர்ட்ஸ் ஒலி ஒழுங்காக எழும்பாது. ஆகவே பேஸின் சுரத்தை நம் காது அறிவது அதன் மேல்நிலை இழைகளை (ஓவர்டோன்களை) கொண்டுதான். அந்த இழைகள் வந்து விழும் இடமோ, உருத்திரிபு (டிஸ்டார்ஷன்) ஏற்றிய இரண்டு கிட்டார்கள் இடமும் வலமுமாக அடைத்துக்கொண்டு நிற்கும் அதே இடம். ஒரே அலைவரிசைப் பகுதியில் இரண்டு ஒலிகள் மோதும்போது வலிய ஒலி மெலிய ஒலியை மறைத்துவிடும். கீழே போய்த் தப்பிக்கலாம் என்றால் அங்கே கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது. நொடிக்குப் பல முறை விழும் கிக் அடிகளோடு பேஸின் நீண்ட அதிர்வு சேர்ந்தால் இரண்டுமே குழம்பிச் சேறாகும்.

எனவே பர்ன்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. கிக் டிரம்முக்குக் கூர்மையான ‘டிக்’ என்ற முகப்பைக் கொடுத்து, ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்க வைத்தார்; கிட்டார்களின் சுவர் குலையாமல் பார்த்துக்கொண்டார். விலை கொடுத்தது பேஸ். அதனால்தான் இதை அலட்சியம் என்று நான் சொல்வதில்லை. ரைனர்ட்டின் டிரம்ஸ்தான் இந்த ஆல்பத்தின் மையம் என்று பர்ன்ஸ் கணித்திருக்கிறார். அந்தக் கணிப்பு சரியானது. 1991இல் முதன்முதலாக இதைக் கேட்டவர்களை உலுக்கியது டிரம்ஸ்தான், அது உலுக்கியதற்கு அந்த மிக்ஸும் ஒரு காரணம். ஆனால் அந்த முடிவை ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவில் பொருத்தியதுதான் மிகை என்பேன். மெதுவான பகுதிகளிலும் தாளம் அவிழ்ந்து நிற்கும் இடைப்பகுதிகளிலும் பேஸை உயர்த்தியிருக்க முடியும். அங்கே அதற்குத் தடையேதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பின்னணியோடு 2011 பதிப்பைக் கேட்டால், ஜிம் மோரிஸ் என்ன செய்திருக்கிறார் என்பது புரியும். பேஸின் அளவை மட்டும் அவர் கூட்டவில்லை. கிக்கின் கூர்மையைச் சற்று தணித்து, கிட்டார்களின் அடிப்பகுதியைச் சீவி, அப்படிக் கிடைத்த இடைவெளியில் பேஸை நிறுத்தியிருப்பதாக என் காதுக்குப் படுகிறது. இருபது ஆண்டுகளில் ஸ்டுடியோக் கருவிகள் அடைந்த வளர்ச்சியும், அதைவிட முக்கியமாக, இந்த வகை இசையை மிக்ஸ் செய்வதில் இருபது ஆண்டுகளாகத் திரண்ட அனுபவமும் அவருக்கு உதவியிருக்கின்றன.

முதல் பாடலான ‘ஃப்ளாட்டனிங் ஆஃப் எமோஷன்ஸ்’ தொலைவிலிருந்து மெல்ல மெல்லப் பெருகி வரும் டிரம்ஸோடு தொடங்குகிறது. பழைய பதிப்பில் இந்தத் தொடக்கம் ஒரு பெரிய வெளியின் கோடியிலிருந்து ஏதோ உருண்டு வருவதுபோல் இருக்கும். புதியதில் டிரம்ஸ் உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு தோலின் சுருதியும் தெளிவு, ஆனால் அந்த வெளி சுருங்கிவிட்டது. ‘சூசைட் மெஷின்’ பாடலில் நிலைமை தலைகீழ். தீரா நோயில் கிடப்பவரின் இறக்கும் உரிமையைப் பேசும் அந்தப் பாடலின் கிட்டார் வரிகளுக்கு அடியில் டிஜார்ஜியோ என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை, பழைய சிடியை எத்தனை முறை கேட்டாலும் ஊகிக்கத்தான் முடியும். மறுகலவையில் (ரீமிக்ஸில்) அந்த விரல்களின் ஓட்டம் கணக்குப் பிசகாமல் காதில் விழுகிறது. கிட்டார் வரி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதாக நாம் நினைத்த இடங்களில், ஒவ்வொரு சுற்றிலும் பேஸ் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்ததும் தெரியவருகிறது.

‘லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்’ பாடலின் முகப்பு, உருத்திரிபு இல்லாத கிட்டார் ஒலியோடு அமைதியாகத் தொடங்குவது. அங்கே பேஸை மறைப்பதற்கு எதுவுமில்லை என்பதால் இரண்டு பதிப்புகளிலும் டிஜார்ஜியோவைக் கேட்கலாம். இரண்டையும் ஒப்பிட விரும்புவோர் இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது: முகப்பில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பதிப்புகளும், உருத்திரிபுக் கிட்டார் உள்ளே நுழையும் கணத்தில் பிரிகின்றன. பழையதில் பேஸ் மூழ்கிவிடுகிறது. புதியதில் கூடவே வருகிறது. கடைசிக்கு முந்தைய உருப்படியான ‘காஸ்மிக் சீ’, பாடல் வரிகள் அற்ற வாத்திய இசை. மறுகலவையால் அதிகம் பயனடைந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். குரல் இல்லாததால் வாத்தியங்களுக்குள் நடக்கும் உரையாடலே அங்கே பொருள். அந்த உரையாடலில் ஒருவர் பேச்சு மட்டும் இருபது ஆண்டுகளாகக் கேட்காமல் இருந்தது. ‘டுகெதர் ஆஸ் ஒன்’, ‘சீ த்ரூ ட்ரீம்ஸ்’ ஆகியவற்றில் மாற்றம் உண்டெனினும் அது கேட்கும் அனுபவத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை.

இழந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மிக்ஸிங்கின்போது சேர்க்கப்படும் எதிரொலியும் ஆழமும் பொதுவாக மூலத் தடங்களில் இருப்பதில்லை. இரண்டு தடமாக இறக்கும் வேளையில் தனிக்கருவிகளின் வழியே சேர்க்கப்பட்டு, அந்த இறுதி வடிவத்தில் மட்டுமே தங்குபவை அவை. பாடல் மெல்ல எழுவதும் அடங்குவதும்கூட அப்படித்தான். எனவே மறுகலவை செய்பவர் மூலத் தடங்களை வைத்துக்கொண்டு இவை எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். பழையபடியே கட்ட முயன்றாலும் அச்சு அசலாக வராது. 1991 பதிப்பில் ஷுல்டினரின் குரலைச் சுற்றி ஒரு குளிர்ந்த வெளி இருக்கிறது. முதல் மூன்று ஆல்பங்களில் உறுமிய குரல் இதில் கூர்மையடைந்து, சொற்கள் புரியும் அளவுக்குத் தெளிந்து, அதே வேளையில் எங்கோ எட்டத்தில் நின்று ஒலிக்கிறது. அந்த எட்டம் எனக்கு முக்கியம். ‘வேக்கண்ட் பிளானெட்ஸ்’ போன்ற ஒரு பாடலுக்கு அது வெறும் ஒலி அலங்காரம் அன்று. 2011இல் குரல் முன்னே வந்து, உலர்ந்து, உடனடித்தன்மை பெற்றிருக்கிறது. பலருக்கு இது பிடித்திருக்கிறது. எனக்கு இங்கே பழையதே மேல்.

இரண்டாவது இழப்பு உரப்பு சார்ந்தது. சிடியில் ஒலி ஏறக்கூடிய உச்ச அளவு ஒன்று உண்டு. அதைத் தாண்ட முடியாது. 1991இல் சிடிகள் பெரும்பாலும் அந்த உச்சத்துக்குக் கீழே நிறைய இடம் விட்டு மாஸ்டர் செய்யப்பட்டன. ஸ்னேர் அடி விழும்போது மற்ற ஒலிகளுக்கு மேலே அது துள்ளி எழ முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில், மற்ற சிடிகளைவிட நம்முடையது உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், லிமிட்டர் என்னும் கருவியால் துள்ளல்களை வெட்டித் தள்ளிவிட்டு மொத்தத்தையும் உச்சத்தை ஒட்டி உயர்த்தும் பழக்கம் பரவியது. 2008இல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ இந்தப் பழக்கத்தின் எல்லையாக இன்றும் சுட்டப்படுகிறது. ‘ஹியூமன்’ மறுபதிப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் அது அந்தக் காலத்தின் பிள்ளைதான். பழைய சிடியைவிட உரத்தது, பழைய சிடியைவிடச் சமதளமானது. 34 நிமிடம் மட்டுமே ஓடும் ஆல்பம் என்பதால் காது களைப்பது குறைவு என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

இதற்கு நேரெதிரான மறுபதிப்பு முறையும் இருக்கிறது. பிரிட்டனின் இயர்ஏக் நிறுவனம், ‘மார்பிட் ஏஞ்சல்’ குழுவின் 1989ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்’, சுவீடனின் ‘என்டூம்ட்’ குழுவின் 1990ஆம் ஆண்டு ஆல்பமான ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ உள்ளிட்ட தன் பழைய ஆல்பங்களை ‘ஃபுல் டைனமிக் ரேஞ்ச்’ என்ற பெயரில் வெளியிட்டது. அங்கே மிக்ஸைத் தொடவில்லை. மாஸ்டரிங்கில் ஒலியை நசுக்காமல் விட்டதே அவற்றின் சிறப்பு. ரீமாஸ்டர் என்ற சொல்லின் சரியான பொருளில் அவை ரீமாஸ்டர்கள். ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ கேட்டுப் பழகியவர் அந்தப் பதிப்பில் புதிய வாத்தியம் எதையும் கண்டுபிடிக்க மாட்டார். தெரிந்த வாத்தியங்களுக்கே மூச்சுவிட இடம் கிடைத்திருப்பதை உணர்வார். 1991 மிக்ஸைத் தொடாமல், இதே பொறுமையோடு ‘ஹியூமன்’ ஆல்பத்தையும் யாராவது மாஸ்டர் செய்து முன்வைத்தால் நான் முதலில் வாங்குவது அதைத்தான்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஷுல்டினர் மூளைத்தண்டில் தோன்றிய கட்டியால் 2001 டிசம்பர் 13 அன்று தம் 34ஆம் வயதில் மறைந்தார். மறுகலவைக்கு அவர் ஒப்புதல் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் கேட்டு, ஏற்று, தயாரிப்பாளர் என்று தம் பெயரையும் போட்டு வெளியிட்டது 1991 மிக்ஸ். வரலாற்று ஆவணம் என்ற அளவில் அதற்கு இணை வேறில்லை. ‘ஹியூமன்’ பிற குழுக்களின் மீது செலுத்திய தாக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவர்கள் பேசுவது அந்த மிக்ஸைப் பற்றித்தான், ஏனெனில் அக்குழுக்கள் கேட்டது அதைத்தான்.

ஆயினும் மறுகலவையை இறந்தவர் மீது ஏற்றிய அத்துமீறலாக நான் பார்க்காததற்கு வலுவான காரணம் உண்டு. ‘ஹியூமன்’ ஆல்பத்துக்குப் பின் ஷுல்டினர் எந்தத் திசையில் போனார் என்று பாருங்கள். 1993இல் வந்த ‘இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ ஆல்பத்தில் அதே டிஜார்ஜியோ, கட்டைகள் இல்லாத (ஃப்ரெட்லெஸ்) பேஸ் கிட்டாரில் வாசித்ததை எல்லாரும் கேட்கும் இடத்தில் வைத்தார். அதையும் தயாரித்தது அதே ஸ்காட் பர்ன்ஸ்தான். 1995இல் ‘சிம்பாலிக்’, 1998இல் ‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’, 1999இல் ‘கன்ட்ரோல் டினைட்’ என்ற தம் இன்னொரு குழுவின் ஆல்பம் ஆகிய மூன்றிலும் அவர் உடன் பணியாற்றத் தேர்ந்தெடுத்தவர் ஜிம் மோரிஸ். அதாவது, ஷுல்டினரின் பிற்கால ஒலி ரசனையை மிக நெருக்கமாக அறிந்த ஒருவரின் கையில்தான் அந்தத் தடங்கள் போய்ச் சேர்ந்தன. 1991க்குப் பிந்தைய ஷுல்டினரின் காதைக் கொண்டு 1991இன் வாசிப்பைக் கேட்பது என்று 2011 பதிப்பை விளக்கலாம். அது அசலுக்கு மாற்று ஆகாது. ஆனால் அசலைப் பற்றி நன்கு அறிந்தவர் தரும் ஒரு விளக்கவுரையாக அது நிற்கும்.

மறுபதிப்போடு வந்த கூடுதல் தட்டுகளைப் பலர் ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். குரல் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் ஒத்திகைப் பதிவுகளும் ஸ்டுடியோப் பதிவுகளும் அவற்றில் உள்ளன. டிரம்ஸ் அல்லது கிட்டார் பயில்பவருக்கு, இறுதி ஆல்பத்தைவிட இவை பயன்படும். ரைனர்ட் ஒரு பகுதியை எப்படி முயன்று பார்த்தார், எதைக் கைவிட்டார், எதை அப்படியே வைத்துக்கொண்டார் என்று ஒப்பிட்டு அறிய இவற்றைவிட்டால் வேறு வழியில்லை. ஜப்பானியப் பதிப்பில் மட்டும் முன்பு கிடைத்த, ‘கிஸ்’ குழுவின் ‘காட் ஆஃப் தண்டர்’ பாடலின் மறுவாசிப்பும் மறுபதிப்பில் சேர்ந்திருக்கிறது. அது ஒரு வேடிக்கை. ஆல்பத்தின் கடைசியில் ‘வேக்கண்ட் பிளானெட்ஸ்’ அடங்கிய பிறகு அதைக் கேட்பது எனக்கு ஒட்டவில்லை, எனவே அங்கேயே நிறுத்திவிடுவேன்.

ஒப்பிட்டுக் கேட்க விரும்புவோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒரே இசை இரண்டு அளவுகளில் ஒலித்தால், சிறிதளவே உரத்து ஒலிப்பதும் நம் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். மறுபதிப்பு உரத்தது என்பதால், இரண்டு சிடிகளையும் ஒலியளவுக் குமிழை மாற்றாமல் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் புதியது எப்போதும் வென்றுவிடும். பழைய பதிப்புக்கு ஒலியளவைக் கூட்டி, குரல் இரண்டிலும் ஒரே உயரத்தில் கேட்கும்படி பொருத்திய பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே சராசரி அளவுக்குக் கொண்டுவரும் வசதியைத் தாமே வைத்திருக்கின்றன. அது இயங்கும்போது உரத்த மாஸ்டரிங்குக்கு இருந்த செயற்கை அனுகூலம் போய்விடும், ஸ்னேர் எதில் துள்ளுகிறது என்பது அப்போது புலப்படும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த ஒப்பீட்டைச் செய்வதில் பயனில்லை. ஓரளவு நல்ல ஹெட்போன் போதும்.

இணையத்தில் கேட்பவர்கள், தாங்கள் கேட்பது எந்த மிக்ஸ் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அட்டைப்படமும் பாடல் வரிசையும் ஒன்றுபோலவே இருக்கலாம். ‘லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்’ பாடலைப் போட்டு, அமைதியான முகப்பு முடிந்து கிட்டார்கள் பாயும் இடத்தில் கவனித்தால் ஐயம் தீர்ந்துவிடும். டிஜார்ஜியோ கூடவே வந்தால் அது ஜிம் மோரிஸ் மிக்ஸ். இதுவரை ‘ஹியூமன்’ கேட்டிராதவர் 1991 பதிப்பிலிருந்து தொடங்கட்டும், அந்தக் குளிர்ந்த வெளியும் ரைனர்ட்டின் தாக்குதலும் முதலில் மனத்தில் பதியட்டும். உங்களைப் போல அதை மனப்பாடமாக அறிந்தவருக்கு 2011 பதிப்பு தேவை. அதிலும் முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை. ‘காஸ்மிக் சீ’யில் தொடங்கிப் பின்னோக்கி ‘சூசைட் மெஷின்’ வரை வாருங்கள்.